பலாமரத்துக்கு வரும் எண்

"உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பப்பட்டுள்ளது" என்று பச்சை எழுத்தில் சொன்னது கம்ப்யூட்டர்.

ருக்குமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அனுப்பிவிட்டதாமே! எங்கே அனுப்பினோம் என்று அதற்குத் தெரியுமா?

அவளுக்குத் தெரியும். செம்மேட்டிலிருந்து மலைப்பாதையில் உள்ளே போனால் குண்டனி நாடு. அங்கே அவளுடைய மச்சாண்டார் அர்த்தனாரியின் வாசலில் ஒரு பலாமரம் நிற்கிறது. அந்த மரத்தின் தாழ்ந்த கிளைக்குத்தான் அது எண்ணை அனுப்பியிருக்கிறது.

அவர்கள் ஊரில் டவர் கிடைக்கிற இடம் அந்தக் கிளை ஒன்றுதான். அர்த்தனாரி தன் பட்டன் போனை ஒரு நைலான் பையில் போட்டு அதில் தொங்கவிட்டிருப்பார். கையில் எடுத்துக்கொண்டு நாலு எட்டு நகர்ந்தால் போன் செத்த பிணம்தான். அதனால் ரேஷன் கார்டுக்கோ கேஸுக்கோ பேங்க்குக்கோ யார் நம்பர் கேட்டாலும், அவருடைய தம்பி, ருக்குமணியின் புருஷன் முரளி யோசிக்காமல் அண்ணன் நம்பரைத்தான் எழுதுவான். "அண்ணன் நம்பரு வேற, நம்ம நம்பரு வேறயா?" என்பான். மகள் பூங்குழலியின் நர்சிங் விண்ணப்பத்திலும் அதையேதான் எழுதினான்.

அதற்குப் பிறகு சித்திரையில் அந்த மரச் சண்டை வந்தது. வரப்போரம் நின்ற சில்வர் ஓக் மரத்தை முரளி லாரிக்காரருக்கு விற்றுவிட்டான். அண்ணன் தன் கையால் நட்டு ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் மரத்தோடு சேர்ந்து மண்ணில் விழுந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார் அண்ணன். "என்ற மரத்தை வெட்ட எவனைக் கேக்கணும்?" என்றான் தம்பி. அந்த 'எவனை'யோடு நின்றுபோனது இரண்டு வீட்டுப் பேச்சுவார்த்தையும்.

இப்போது ஆடி. பூங்குழலிக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. 'சம்மதம்' என்ற பட்டனை இன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஆறு இலக்க எண் வேண்டும். எண்ணோ மரக்கிளையில் தொங்குகிறது.

"அந்த வாசல்ல யாரும் போயி நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நம்பரை மாற்றித் தரும்படி கேட்க முரளி முதல் பஸ்ஸிலேயே நாமக்கல் உதவி மையத்துக்கு இறங்கிப் போயிருந்தான். அவன் மாற்றிவிட்டதாகச் சொன்னதும் அமுக்குவதற்குத் தயாராக, தாயும் மகளும் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கலைச்செல்வியின் ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேனே, அது சும்மா உட்கார்வதில்லை. நம்பர் மாறிவிட்டதா என்று திறந்து பார்க்கும்போதெல்லாம் அந்த இணையதளம் முதலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டது. பெயர் கேட்டது. பிறந்த நாள் கேட்டது. பிறகு ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, 'நீங்கள் எந்திரம் இல்லை என்று உறுதிசெய்ய, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடுங்கள்' என்றது.

"என்ன கண்ணு கூத்து இது?" என்றாள் ருக்குமணி. "எந்திரம் வந்து மனுசியப் பாத்து, நீ எந்திரமான்னு கேக்குது?"

"ஆமாம்மா. இந்த மூலையில ஒரு கம்பம் மட்டும் தெரியுது. அதையும் தொடணுமா?"

"நம்ம மலையில எங்க கண்ணு இருக்குது சிக்னலு? போன் சிக்னலே மரத்துல தொங்குது."

கலைச்செல்வி காகிதக் கட்டைப் பிரித்து மெஷினுக்குள் வைத்துக்கொண்டே சிரித்தாள். ராசிபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்தவள். "என்னைய அது தினமும் நாலு வாட்டி கேக்குதுங்க்கா. ஒரு நாளு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று மூன்று வாரமாகக் கறுப்புத் திரையோடு சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மிச்சம் ஒன்று. அதற்காக ஆரோக்கியராஜ் சாரும் காலையிலிருந்து காத்திருந்தார். பூங்குழலிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், திண்டுக்கல் பக்கத்துக்காரர். பிள்ளைகளின் விவரங்களை ஏதோ ஒரு தளத்தில் ஏற்ற வேண்டுமாம். கையில் பென் டிரைவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க பாத்துட்டுப் போங்க. நாங்க அப்புறம்..." என்றாள் ருக்குமணி சங்கடத்தோடு.

"எனக்கு அவசரமில்லீங்கம்மா. முதல்ல புள்ள சீட்டு" என்றார் அவர். அவர் போன் அடித்தது. தலைமை ஆசிரியர் போலும். "இதோ ஏறிக்கிட்டே இருக்குங்கய்யா, தொண்ணூறு பர்சென்ட் வந்துருச்சுங்கய்யா" என்று வெளியே போய்ப் பேசினார். பென் டிரைவ் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்படி ஒரு பொய்யை ஆண்டவன் மன்னிப்பான் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டாள்.

உச்சிப் பொழுதில் முரளியின் போன் வந்தது.

"இங்க சர்வர் படுத்துக்கிச்சாம். சாப்பிட்டுட்டு வாங்கங்கறாங்க."

"சாப்பிட்டுட்டு வந்தா எந்திரிச்சுக்குங்களா அது?"

"எனக்கென்ன தெரியும்? முப்பது பேரு நிக்கறோம். கேட்டா, கம்ப்யூட்டரைக் கேளுங்கறான்."

"ஏனுங்க, நேரம் போகுதுங்க. பானுமதி அக்காவுக்கு ஒரே ஒரு போனு போட்டு..."

"ருக்கு!" அவன் குரல் இறங்கியது. "சொல்லிப்போட்டேன். அந்த ஊட்டுல போயி ஒரு நம்பருக்குக் கையேந்தக் கூடாது."

போனை வைத்தாள். வெளியே பஸ் ஸ்டாண்டைப் பனி மூடிக்கொண்டிருந்தது. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிழங்குத் தோட்டத்து வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து படித்த பிள்ளை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு புருஷன் வார்த்தை ருக்குமணிக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவள் மரத்துக்குப் போன் போட்டாள்.

வெகுநேரம் அடித்த பிறகு அர்த்தனாரியின் மனைவி பானுமதி எடுத்தாள். எடுத்தாள் என்றால், கிளைக்குக் கீழே நின்று எக்கி ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினாள். "யாரு?" என்று அவள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"அக்கா, நான் ருக்கு."

"கண்ணு... நல்லா இருக்கியா சாமி?" என்றது குரல். ஓரகத்திகள் இருவரும் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. ருக்குமணிக்கு அழ நேரம் இல்லை. விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப வரும்க்கா. டிங்குன்னு சத்தம் வரும். அந்த நம்பரைச் சொல்லுங்க. மூணே நிமிஷந்தான்."

பூங்குழலி அமுக்கினாள். டிங் என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் பாடு. பேசிக்கொண்டே மெசேஜைத் திறக்கப் பானுமதிக்குத் தெரியவில்லை. போனைக் கட் செய்தாள். கண்ணாடியைத் தேடினாள். எண்ணை வாசித்து மனசில் வைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிட்டாள். பூங்குழலி அடித்தாள். 'தவறான எண்' என்றது திரை.

"காலையில வந்த நம்பரச் சொல்லிட்டீங்களா பெரீம்மா? கடைசியா வந்தது வேணும்."

"இதுல கடைசி மேல இருக்குமா கீழ இருக்குமா சாமி?"

இரண்டாம் தடவை சரியான எண்ணே வந்தது. ஆனால் வருவதற்குள் மூன்று நிமிஷம் தீர்ந்துபோனது. மூன்றாம் தடவை, பாதி எண் வரும்போது செம்மேட்டில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் நாலு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டது.

கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் எழுந்து, தளம் திறந்து, சிக்னல் விளக்கெல்லாம் எண்ணி முடித்த பிறகு திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'மூன்று முறை முயன்றுவிட்டீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வரவும்.'

ருக்குமணி அந்தத் திரையை அறைந்துவிடலாமா என்று பார்த்தாள். இதற்கு வாயும் இல்லை, காதும் இல்லை. தாலுகா ஆபீஸில் கெஞ்சினால் யாராவது ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். இதனிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது? அண்ணன் தம்பி சண்டை என்றால் அதற்குப் புரியுமா? மனுஷர்களுக்கு வசதி செய்யத்தானே இதையெல்லாம் செய்தார்கள்! ஒரு பட்டனை அமுக்க அரை நாளாக நாலு பேர் மாரடிக்கிறோமே, இதில் யாருக்கு யார் வசதி?

கொஞ்ச நேரத்தில் பானுமதியே கூப்பிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"ருக்கு, உங்க மச்சாண்டாரு தோட்டத்துலேர்ந்து வந்துட்டாரு. இனி அவருதான் படிச்சுச் சொல்லணும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. ஆனா மாட்டேங்கறாரு."

"ஏனாமாக்கா?"

"இந்த நம்பரை யாருகிட்டயும் சொல்லாதேன்னு அதுலயே போட்டிருக்குதாம். கவர்மெண்டே சொல்லுதாம். போன வருஷம் பேங்க்குன்னு சொல்லி எவனோ நம்பரக் கேட்டு ஏமாத்தப் பாத்தானல்லோ, அதைச் சொல்றாரு."

பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

பானுமதி பெருமூச்சு விட்டாள். "அதெல்லாம் சாக்கு சாமி. கேக்கறவங்க நேர்ல வந்து கேக்கட்டும்ங்கறாரு."

ருக்குமணி எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அந்தப் பக்கம் போகிற பஸ் சாயங்காலம்தான். ஜீப்பு எதையும் காணோம். அவள் வாசலில் நின்று இடமும் வலமும் பார்ப்பதைக் கண்ட ஆரோக்கியராஜ் சார், ஒன்றும் கேட்காமல் பைக் சாவியை எடுத்தார்.

"உங்க வேலைங்க சார்?"

"அது காலையிலேர்ந்தே ஏறலீங்கம்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் ஏறாம இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. உக்காருங்க."

ருக்குமணிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மலைக்கோயில் அறப்பளீஸ்வரர் யாருக்கும் பெரிய கையால் எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் மனசை லேசாகத் திருப்பிவிடுவார், அவ்வளவுதான். பைக்கின் பின்னால் உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். சார் கழுத்தில் தொங்கிய சிலுவைக்கும் ஒன்று.

"அம்மா, மரத்துலேர்ந்து இந்தக் கடை நம்பருக்கு மிஸ்டு கால் குடுங்க. வந்ததும் நான் நம்பர் அனுப்பச் சொல்லி அமுக்கறேன்" என்று பூங்குழலி பின்னாலேயே ஓடிவந்து சொன்னாள்.

பாதையெல்லாம் பனி. சார் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். ருக்குமணிக்கு வேறொரு கவலை. நேரில் வந்து கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார், சரி. எப்படிக் கேட்பது? அவள் அந்த வீட்டு மருமகளாக வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட மச்சாண்டாரின் முகம் பார்த்துப் பேசியதில்லை. அது அந்தக் குடும்பத்து வழக்கம். அவரும் தம்பி மனைவியிடம் பேசமாட்டார். நடுவில் பானுமதி இருப்பாள், இல்லாவிட்டால் முரளி இருப்பான். யாருமே இல்லாதபோது கோழியிடமோ நாயிடமோ சொல்வார்கள். "கோழிக்கு யாராச்சும் தீனி வெச்சாங்களா?" என்று அவர் கோழியைப் பார்த்தே கேட்பார். "வெச்சாச்சு, வெச்சாச்சு" என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். சண்டைக்கு முன்னால் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. நாளெல்லாம் கிடந்தது, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் சார் பைக்கைத் தள்ளியே நிறுத்திக்கொண்டார். பலாமரத்தடியில் ஒரு கல்லின் மேல் அர்த்தனாரி உட்கார்ந்து களைக்கொத்துக்கு மரக்காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பானுமதி ஓடிவந்து ருக்குமணியின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே மூன்று மாதத்து நலத்தையும் விசாரித்துவிட்டாள். பிறகு எக்கி நின்று, ருக்குமணி சொன்ன கடை நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள்.

"அடுப்புல பாலு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் போனவள்தான்.

'அக்கா, நீங்க போயிட்டா எப்பிடி?' என்று ருக்குமணியின் கண் கதவைப் பார்த்தது. கதவு சாத்திக்கொண்டது.

டிங்.

கிளையில் நைலான் பை லேசாக ஆடியது. அர்த்தனாரி கொத்தைத் திருப்பி வைத்தார். காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

"டைகரு, வந்திருக்கறவங்களுக்கு என்ன வேணுமாம்?"

ருக்குமணியும் வழக்கம் தவறாமல் நாயைப் பார்த்தாள். "டைகரு, பூவுக்குச் சீட்டுக் கெடச்சிருக்குது. அந்த நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லச் சொல்லு."

டைகர் இருவரையும் பார்த்து வாலை ஆட்டியது.

"டைகரு, சீட்டுக் கெடச்ச சேதி ஊரெல்லாம் சொன்னாங்களே, இந்த ஊட்டுக்கு மட்டும் ஏஞ் சொல்லலையாம்?"

"டைகரு, சொல்லக் கூடாதுன்னு இல்ல. சொல்ற நெலமையில ஊட்டுல யாரும் இல்ல."

"எவனைக் கேக்கணும்னு கேட்டவனைக் கூட்டியாரச் சொல்லு டைகரு. அவன் வந்து கேக்கட்டும்."

"அவங்க நாமக்கல்லுல நிக்கறாங்க டைகரு. நேரமில்ல டைகரு!"

நாய்க்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். எழுந்து போய் வேலியோரம் படுத்துக்கொண்டது. அதே நேரம் கிளையில் போன் அடித்தது. அர்த்தனாரி எழுந்து ஒரு விரலால் அமுக்கினார்.

"அம்மா!" பூங்குழலியின் குரல் மரத்திலிருந்து விழுந்தது. "நேரம் முடிஞ்சு போச்சும்மா. ஏம்மா சொல்லல? இன்னும் ஒரே ஒரு வாட்டிதான் அனுப்புமாம். அதுவும் போச்சுன்னா நாளைக்குத்தான் தொறக்குமாம். நாளைக்குத் தொறந்து என்னம்மா பண்றது..." அதற்கு மேல் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அழுகிற சத்தம்தான் வந்தது. இலைகளுக்கு நடுவே அந்த அழுகையைக் கேட்க யாருக்கும் மனசு ஆகாது.

அர்த்தனாரி கையில் இருந்த காம்பைக் கீழே வைத்தார்.

ருக்குமணி நாயைத் தேடவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இவ்வளவு நரை ஏறியிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"மாமா" என்றாள். "மரத்தை வெட்டுனது தப்புங்க. உங்க கொடி விழுந்தன்னிக்கு நானுந்தான் சோறு திங்கல. அவங்க பேசுனதும் தப்புங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துப் பேசறதும் தப்புன்னா, அதையும் சேத்து அப்புறம் கேட்டுக்குங்க. இப்ப அந்தப் புள்ளைக்கு நம்பரைச் சொல்லுங்க மாமா. அது உங்க கையப் புடிச்சுத்தானே பள்ளிக்கொடம் போச்சு?"

அவர் கிளையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கண்ணு பூவு, அழுகாத சாமி. பெரீப்பா இருக்கேன். அமுக்கு."

போனைக் கட் செய்துவிட்டு இருவரும் கிளைக்குக் கீழே நின்றார்கள். டிங். அவர் பையிலிருந்து போனை வெளியே எடுக்காமல், கழுத்தை வளைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு திறந்தார்.

"நாலு" என்றார்.

"நாலு" என்றாள் அவள்.

"ஒண்ணு. ஒண்ணு."

"ஒண்ணு ஒண்ணு."

"ஏழு. சைபர். மூணு."

"ஏழு, சைபர், மூணு. நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு சைபர் மூணு. சரிங்களா மாமா?"

"சரிதாம்மா. விடாம சொல்லிக்கிட்டே இரு" என்றார் அவர். பத்தொன்பது வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. இருவருக்கும் அதைக் கவனிக்க நேரம் இல்லை. அவர் நம்பரை அழுத்த, அவள் சாமி நாமம் மாதிரி எண்ணைச் சொல்லிக்கொண்டே நிற்க, அந்தப் பக்கம் பூங்குழலி அடிக்க...

ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் யோசிக்கிறது போலும். அதற்கு என்ன, அதன் பிள்ளையா?

பிறகு, "அம்மா! வந்துருச்சும்மா! சம்மதம் குடுத்தாச்சு! பெரீப்பா, வந்துருச்சு!" என்றது மரம். பின்னால் கலைச்செல்வி கை தட்டுவதும் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியராஜ் சார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு பானுமதி மூன்று டம்ளர் பாலோடு வந்தாள். பால் ஆறிப்போயிருந்தது. அவள் வெகுநேரமாகக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

ருக்குமணி புறப்பட்டபோது அர்த்தனாரி தொண்டையைச் செருமினார். திரும்ப நாய் பக்கம் போய்விடுவாரோ என்று நினைத்தாள். போகவில்லை. அவளையும் பார்க்கவில்லை. கிளையைப் பார்த்துக் கேட்டார்.

"போன வாரம் ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சதா ஒரு நம்பரு வந்துச்சு. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லீங்க மாமா. பூவுக்குக் காலேஜுல சேர டாக்டர் சர்டிபிகேட்டு வாங்குனோம்."

"அப்பாடா." அவர் தோள் இறங்கியது. "அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல. முரளிக்குத்தான் பழைய நெஞ்சு வலியோன்னு நெனச்சேன். வந்து கேக்கவும் முடியல. ரேஷன்ல போன மாசம் பருப்பு வாங்கலையே, ஏன்? சக்கரை, எண்ணெய் வாங்கினதா மட்டுந்தான் வந்துச்சு."

"பருப்பு தீந்து போச்சுன்னுட்டாங்க மாமா."

"கேஸு புதன்கெழம வந்துச்சில்ல?"

"வந்துச்சுங்க."

ருக்குமணிக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று மாதமாகத் தங்கள் வீட்டுக்குள் நடந்த ஒவ்வொன்றும் டிங் டிங் என்று இந்த மரத்தில் வந்து விழுந்திருக்கிறது. அடுப்பு எரிகிறதா, அரிசி இருக்கிறதா என்று இந்த மனுஷர் கிளைக்குக் கீழே நின்று வாசித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து அவள் திட்டித் தீர்த்த அதே எந்திரம்தான் இவருக்கு இந்தச் சேதியெல்லாம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது, தான் இன்னது செய்கிறோம் என்று தெரியாமலே.

"அவன் நம்பரை மாத்தத்தான் நாமக்கல் போயிருக்கானாம்?" என்றார் அர்த்தனாரி.

அவள் தலையை ஆட்டினாள்.

"மாத்த வேண்டாம்மா." அவர் குரல் கேட்டும் கேட்காமலும் வந்தது. "அது பாட்டுக்கு இங்கியே வந்துக்கிட்டு இருக்கட்டும். அவன் பேசாட்டிப் போறான்."

"சரிங்க மாமா. மாத்தலீங்க" என்றாள் ருக்குமணி. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பைக் பாதை மேட்டில் ஏறியதும் அவள் இடுப்பில் செருகியிருந்த போனுக்கு உயிர் வந்து அடிக்கத் தொடங்கியது. சார் வண்டியை ஓரம் கட்டினார். முரளிதான். பஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்தினான். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலையேறப் போகிறது பஸ் என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாத்தியாச்சு ருக்கு! சர்வரு எந்திரிச்சதும் மொத ஆளா மாத்திப்போட்டேன். அது மாற ரெண்டு மணி நேரமாகும்னாங்க, இந்நேரம் மாறியிருக்கும், இனி உன்ற போனுக்கே வரும். அமுக்கச் சொல்லு புள்ளைய! அதோட உடலே. ரேஷன், கேஸு, பேங்க்கு, எல்லா எடத்துலயும் புது நம்பரு எழுதிக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். நாளையிலேர்ந்து நம்ம ஊட்டுச் சேதி ஒண்ணுகூட அந்த மரத்துக்குப் போகாது!"

ருக்குமணி சாலையோரப் பாறையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ ருக்கு, கேக்குதா? சீட்டை முடிச்சுப்போடச் சொல்லு."

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

"முடிஞ்சிருச்சா? எப்பிடி? நம்பரு யாரு சொன்னாங்க?"

சொல்லாமல் மறைக்கலாம். பானுமதி அக்காள் சொன்னாள் என்று பாதி உண்மை சொல்லலாம். ஆனால் சற்று முன்னால் ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"உங்க அண்ணன் சொன்னாங்க. நான் நேர்ல போயி, அவங்ககிட்ட என்ற வாயால கேட்டேன்."

முரளியின் சத்தம் நின்றுபோனது. கொண்டை ஊசி வளைவுக்குள் போனால் லைன் இப்படித்தான் அறுந்துபோகும். ருக்குமணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

அறுந்துபோகவில்லை, அவன் வைக்கவும் இல்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.